மயக்கத்தில் நான் உளறியதாக

பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில், வலது பக்கமாக எனக்கு ஒரு கழலை இருந்தது. கல்யாணமாகி வந்தபோது அது சுண்டைக்காய் அளவு. மகள் பிறந்த பிறகு நெல்லிக்காய் அளவானது. அவள் தத்தித்தத்தி நடக்கத் தொடங்கியபோது சின்ன எலுமிச்சம்பழம் போல உருண்டு நின்றது. வலி கிடையாது. ஆனால் தலையில் புல்லுக்கட்டு ஏறினால் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும். மல்லாந்து படுக்க முடியாது. பற்றுப் போட்டுப் பார்த்தோம். ஒருமுறை பழுத்து உடைந்து ஆறி, முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. அதன் பிறகுதான் என் கணவர் என்னைத் தாலுகா ஊரில் இருந்த தர்மாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எங்கள் வீடு சின்னமனூரை ஒட்டி, வாய்க்கால் கரையில் இருந்தது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே குடும்பமாக விவசாயம் பார்த்தார்கள். என் கணவர் இளையவர். மூத்தவரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கும்.

டாக்டர் வெளியூர்க்காரர். கழலையை இரண்டு விரலால் நகர்த்திப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி ஆடுகிற பல் உண்டா என்று பார்த்தார். கேள்விகளையெல்லாம் என் கணவரிடம் கேட்டார்.

"மூச்சு வாங்குமா இவங்களுக்கு? படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குமா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. நல்லா வேலை பாக்கும்."

"எடுக்கறது அரை மணி நேர வேலைதான். ஆனா கத்தி படற இடத்துக்குப் பக்கத்துல நரம்பு ஓடுது. இவங்க துளி அசையக்கூடாது. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யணும். கட்டில் எல்லாம் மலேரியாக் காய்ச்சல்காரங்க படுத்திருக்காங்க. காலைல வாங்க, தெளிஞ்சதும் சாயந்தரம் வண்டியில கூட்டிட்டுப் போயிடுங்க."

ஒரு காகிதத்தில் என் கணவர் கையெழுத்துப் போட்டார். என் கழுத்தை அறுக்க அவர் சம்மதம் போதுமாக இருந்தது. நான் அதைத் தவறாக அப்போது நினைக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதை நர்சம்மா சொன்னார். திருவாங்கூர்ப் பக்கத்துக்காரர். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். எங்கள் பக்கத்தில் மலை இறங்கி வருகிறவர்களின் பேச்சு காதுக்குப் பழக்கம்தான், எனக்கு விளங்கியது. முதல் நாள் காலையில் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். மதியத்துக்கு மேல் கஞ்சித் தண்ணீர் தவிர வேறு ஒன்றும் கூடாது. விடிந்தபின் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகக்கூடாது, வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும். வெற்றிலை போடக்கூடாது, உதட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்வார். தலைக்குக் குளித்து, முடியை இரண்டாகப் பின்னிக்கொண்டு வர வேண்டும். பிடரியில் நான்கு விரல் அளவுக்கு முடியை வழிப்பார்கள்.

இந்தக் கடைசி விஷயம் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. என் மாமியார் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"கட்டுக்கழுத்தி தலையில கத்தி படுறதா? எங்கனயாச்சும் கேட்டிருக்கமா?"

 அக்காதான் பேசினார்.

"அத்தை, பிடரியில நாலு விரக்கட முடி. மேல கொண்டை வச்சா யாருக்குத் தெரியப்போகுது? நாளைக்குக் கட்டி உள்ளுக்குள்ள உடைஞ்சு சீழ் வச்சா அப்ப யாரு பாக்குறது? நான் கூடப் போறேன். நான் பாத்துக்கிறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் எனக்காகப் பேசியவர் எப்போதும் அவர்தான். நான் வந்த புதிதில் களி கிண்டத் தெரியாமல் கட்டிகட்டியாக்கியபோது, தான் கிண்டியதாகச் சொல்லி ஏச்சு வாங்கியவர். என் பிரசவத்தில் என் முதுகைத் தாங்கிப் பிடித்தவர். அவருக்கு ஒரே மகள், பதினைந்து வயது. அந்தப் பெண் என்னைச் சின்னம்மா என்று சுற்றிச் சுற்றி வருவாள். கோம்பையில் ஒரு நல்ல குடும்பத்தில் அவளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் பிறந்த வீடு பொட்டிப்புரத்துப் பக்கம். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன்தான் எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவான். மண்ணில் குச்சியால் எழுதி எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். போடியில் படிக்கப் போன இடத்தில் அவன் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனானான். அங்கேயே ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டு, தானும் வாத்தியாரானான். அப்பா அன்றைக்கே ஆற்றுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். எனக்கு மகன் இல்லை என்று தெருவில் நின்று சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் மாமனார் கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பய வந்து போறதுண்டா?" என்பதுதான். இல்லை, வரவும் மாட்டான், இவளும் பேச மாட்டாள் என்று அப்பா வெற்றிலை பாக்கைத் தொட்டுச் சொன்னார். அந்தச் சொல்லின் மேல்தான் என் கல்யாணம் நடந்தது.

ஆனால் நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர்க் கடைவீதியில் ஒரு வளையல்கடை இருந்தது. அந்தக் கடைக்கார அம்மாவின் மகன் போடியில் அண்ணனிடம் படித்தவன். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் சிறிய அறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சந்தை நாளில், அண்ணன் அங்கே வந்து உட்கார்ந்திருப்பான். அந்த நாள் நெருங்கும்போது நான் வேண்டுமென்றே தொட்டிச் சுவரில் கையை இடித்து இரண்டு வளையல்களை உடைத்துக்கொள்வேன். உடைந்த வளையலோடு இருக்கக் கூடாது என்று மாமியாரே என்னைக் கடைக்குப் போகச் சொல்வார். கால் மணி நேரம் பேசுவோம். பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. அவன் பள்ளிக்கூடத்துக் கதை, என் மகளின் பல், அப்பாவின் உடம்பு.

கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம்.

"அடுத்த தடவ புள்ளையத் தூக்கிட்டு வாரேன் ஆத்தா," என்றான். "உன் சாடை கொஞ்சம் இருக்கு. நெத்தியப் பாத்தா அப்படியே நீதான்."

அந்த அடுத்த தடவை, ஆப்பரேஷன் முடிந்து எட்டாம் நாள் வந்தது. கழுத்தில் கட்டோடு எப்படிப் போவது என்ற கவலை ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்தது.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள், விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுக் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து நான் துவண்டு போயிருந்தேன். மத்தியானம் அக்கா வெந்நீர் வைத்து, சீயக்காய் போட்டு எனக்குத் தலை தேய்த்துவிட்டார். கழலை இருக்கும் இடத்தில் மட்டும் உள்ளங்கையால் மெதுவாக. அப்படித் தேய்க்கும்போதுதான் சொன்னார்:

"எங்க ஊர்ல ஒருத்தருக்குக் கால்ல அறுத்தாக. மயக்க மருந்து குடுத்ததும் பொண்டாட்டிக்குத் தெரியாம அவரு செஞ்சு வச்சிருந்ததையெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லிட்டாராம். நெனப்பு இருக்காதாம்ல. மனசுல கிடக்கறது தானா வாய்ல வந்துருமாம்."

 வெந்நீர் தலையில் விழுந்துகொண்டிருக்கும்போதே உடம்பு நடுங்கியது.

"ஏ புள்ள, என்ன நடுங்குற? உன்கிட்ட என்ன இருக்கு, உளறுறதுக்கு?" என்று சிரித்தார்.

சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்டால் பரவாயில்லை, நர்சம்மா கேட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்கு என் அண்ணன் யாரென்று தெரியாது. கணவர் வெளியே நிற்பார். அறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டால்? "அண்ணே, வளையல்கடைக்கு வா, புள்ளையத் தூக்கிட்டு வா" என்று நான் கத்தினால்? ஆப்பரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். காரணம் கேட்பார்கள். பயம் என்றால் விடமாட்டார்கள்.

அக்கா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நாளைக்கு நீங்க எம்பக்கத்துலயே இருக்கணும். நான் எதாச்சும் சொன்னா யாருக்கும் கேக்காமப் பாத்துக்கிறணும்."

அவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொல்லுவ?"

சொன்னேன். வளையல்கடை, பின்னறை, மூன்று மாதம், குழந்தை, எட்டாம் நாள், எல்லாவற்றையும். வயிற்றில் ஒன்றுமில்லாமல் நின்றதாலோ என்னவோ, சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. பாரம் இறங்கிய அழுகை.

 அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"அண்ணன் தங்கச்சி பாக்கறதுல என்ன பாவம் இருக்கு? நீ சொன்னது என்னோட போகும். எம் மக மேல சத்தியம். நீ தைரியமாப் போய்ப் படு."

அடுத்த நாள் விடியும்போதே வண்டி பூட்டினார்கள். என் கணவர் ஓட்ட, நானும் அக்காவும் வைக்கோலின் மேல் உட்கார்ந்தோம். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரமாகவே பாதை போனது. பெரியாற்றுத் தண்ணீர் கரை தளும்ப ஓடியது. ஒரு கை அள்ளிக் குடித்தால் என்ன என்று தோன்றியது. அக்கா ஈரத் துணியால் என் உதட்டைத் தொட்டுத் தொட்டு வைத்தபடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஒரு சின்ன அறைக்கு என்னை அழைத்துப் போய், தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். தாலியைக் கழற்ற மாட்டேன் என்றேன். அவர் அதைச் சுருட்டித் துணியில் முடிந்து என் மார்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். கழற்றியவற்றை அக்கா முந்தானையில் முடிந்துகொண்டார். நெற்றியில் இருந்த குங்குமத்தை அழித்தார்கள். பின்னால் முடியை வழித்தார்கள். கத்தி தோலில் ஓடும் சத்தம் காதுக்குள் கேட்டது. டிங்சர் தடவியபோது குளிர்ந்து, பிறகு எரிந்தது. முதுகுப்பக்கம் நாடா கட்டிய வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். கண்ணாடி இல்லை. இருந்திருந்தால் என்னை எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

"அக்கா, மறந்துராதீக," என்றேன்.

"மறப்பேனா? போ ஆத்தா."

உள்ளே மேசையில் படுக்க வைத்தார்கள். கையைத் துணியால் கட்டினார்கள், கட்டும்போது நர்சம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தார். கம்பிச் சல்லடை போல ஒன்றில் துணி சுற்றி மூக்குக்கும் வாய்க்கும் மேலே வைத்தார் கம்பவுண்டர். சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டார். அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வாசனை.

"மூச்ச நல்லா இழுத்து விடு. ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்பம்."

எண்ணினேன். வாயை எண்ணுக்கே கொடுத்துவிட வேண்டும், வேறு சொல் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். பதினெட்டு சொன்னது நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

கண் விழித்தபோது வெளி வராந்தாவில் பாயில் ஒருக்களித்துக் கிடந்தேன். அக்கா தட்டை ஏந்தினார், மஞ்சளாக வாந்தி எடுத்தேன். கழுத்தில் தீ வைத்தது போல் இருந்தது. நாக்கு புரண்டதும் முதலில் கேட்டது அதைத்தான்.

"நான் எதுவும் பேசினேனா?"

அக்கா என் கணவர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இப்பப் பேசாத. படு," என்றார்.

அந்தப் பார்வையே எனக்குப் போதுமாக இருந்தது. சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

சாயந்தரம் வண்டியில் திரும்பினோம். குலுங்கும்போதெல்லாம் கணவர் மாட்டை இழுத்துப் பிடித்து மெதுவாக்கினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அன்பாகத்தான் இருந்தார். மகளை என் பக்கம் வரவிடாமல் அவரே தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை வயலுக்குப் போய்விட்டு வந்தவர், என் பாயருகில் வந்து நின்றார். கால் சேற்றைக்கூடக் கழுவவில்லை.

"எத்தன வருசமாப் பாக்குற?"

யாரை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீதான் சொன்ன. மயக்கத்துல. மதினி கேட்டுக்கிட்டு இருந்துருக்காக. வீட்டுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதேன்னு மனசு கேக்காம எங்கிட்டச் சொன்னாக."

அவர் வெளியே போனதும் அக்கா கஞ்சியோடு வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டார்.

"நான் என்ன செய்வேன் ஆத்தா. நீ சத்தமாச் சொல்லிட்ட. அண்ணே அண்ணேன்னு கூப்புட்ட. வளையல்கடை, எட்டாம் நாளு, எல்லாத்தையும் சொல்லிட்ட. உன் வாயப் பொத்தப் பாத்தேன், நர்சு என் கையத் தட்டிவிட்டுட்டா. கம்பவுண்டரு, அங்கன நின்னவுக எல்லாருக்கும் கேட்டுருச்சு. எப்படியும் உம்புருசன் காதுக்குப் போகும். அதான் நானே பக்குவமாச் சொன்னேன்."

அவரை நான் நம்பினேன். அவர் கண்ணீரையும் நம்பினேன். அவர் தோளில் சாய்ந்து, "உங்கள இந்த இக்கட்டுல மாட்டிவிட்டுட்டேனே அக்கா" என்று மன்னிப்புக் கேட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த நாட்களில் என்னை நானே வெறுத்தது போல வேறு யாரையும் வெறுத்ததில்லை. நான்கு வருஷம் காத்ததை என் நாக்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டது என்று, யாரும் இல்லாதபோது வாயில் அடித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் சந்தைக்கு என் கணவர் போனார். மத்தியானம் திரும்பி வந்து சோறு கேட்டார்.  நடந்ததைப் பிறகு ஒரு நாள் வளையல்கடை அம்மாதான் எனக்குச் சொன்னார். அண்ணன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னறையில் இருந்திருக்கிறான். என் காலடிச் சத்தம் என்று நினைத்து, குழந்தையின் முகத்தைக் கதவுப் பக்கமாகத் திருப்பிக் காட்டியிருக்கிறான். உள்ளே வந்தவர் என் கணவர்.

"அடிக்கல, ஏசல," என்றார் அந்த அம்மா. "இனிமே இங்கன வந்தா உங்க தங்கச்சி உங்கப்பா வீட்டுக்குத்தான் திரும்பி வரும், பாத்துக்கோங்கன்னு மட்டும் சொன்னாரு. உங்க அண்ணன் ஒரு வார்த்த பேசாமப் புள்ளையத் துண்டுல பொதிஞ்சு தூக்கிட்டுப் போயிருச்சு."

தையல் பிரிக்கப் பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று அக்கா வரவில்லை, கோம்பையிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கணவர் வண்டியோடு வெளியே நின்றார். நர்சம்மா கத்தரியால் ஒவ்வொரு நூலாக வெட்டி எடுத்தார். கடைசி நூல் வந்ததும் நான் கேட்டேன்.

"அம்மா, அன்னைக்கு நான் ரொம்பச் சத்தம் போட்டேனா? அங்க இருந்தவுக எல்லாருக்கும் கேட்டுருச்சோ?"

"என்ன சத்தம்?"

"மயக்கத்துல பேசினேனாமே. என் அண்ணனக் கூப்பிட்டேனாம்."

அவர் கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டு முன்பக்கம் வந்து என்னைப் பார்த்தார்.

"நீ ஒண்ணும் பறஞ்ஞில்ல குட்டி. பத்தொம்பது வரை எண்ணிச்சு, பின்னே உறங்கிப் போயி. ஒரு வாக்கு மிண்டியில்ல. இத்தனை நல்லா உறங்கின ஆளைக் கண்டிட்டில்லன்னு டாக்டர்கூடச் சொல்லிச்சு."

"என்கூட வந்த அக்கா பக்கத்துலதானே இருந்தாக?"

"அதெங்கனே? உள்ளே யாரையும் விட மாட்டோமே. அவர் முற்றத்துல, மரத்தடியில, நின்றெ ஆளோட வர்த்தமானம் பறஞ்சுகிட்டு நின்னு."

என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டு நின்றாராம். கதவு மூடியிருந்த அந்த அரை மணி நேரத்தில், நான் பல்லைக் கடித்து எண்ணிக்கொண்டிருந்த வேளையில், வெளியே மரத்தடியில் என் அண்ணனைப் பற்றிய பேச்சு நடந்திருக்கிறது. அப்படியென்றால் என் கணவருக்கும் அன்றைக்கே தெரியும், நான் உளறவில்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் மாட்டை மெதுவாக ஓட்டினார், தெரிந்துதான் இரண்டு நாள் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார்.

திரும்பும் வழியில் அவரிடம் சொன்னேன்.

"நான் உளறல. நர்சம்மாட்டக் கேட்டேன். ஒரு வார்த்த பேசலயாம்."

அவர் மாட்டைத் தட்டி ஓட்டினார். பிறகு, "உளறாட்டி என்ன? நீ பாத்தது நெசந்தான?" என்றார்.

 நிஜம்தான்.

வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் அப்போதுதான் போயிருந்தார்கள். அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். "பிடிச்சிருச்சாம் ஆத்தா, தை மாசம் வச்சுக்கிறலாம்னு சொல்லிட்டுப் போறாக," என்றார். நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"உங்கள உள்ளயே விடலயாமே அக்கா."

டம்ளர் கையில் அப்படியே நின்றது. அவர் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"கோம்பைக்காரக முதல்ல விசாரிச்சதே உன் அண்ணனப் பத்தித்தான். அந்தப் பையனோட இந்த வீட்டுக்குப் போக்குவரத்து இருக்கான்னு கேட்டாக. இல்லவே இல்லன்னு நம்ம வீட்டு ஆம்பளைக எல்லாம் சொல்லிட்டாக. இவ மூணு மாசத்துக்கு ஒருக்கா கடைவீதியில போயிப் பாக்குறான்னு நாளைக்கு ஒருத்தன் பாத்துச் சொன்னா எம் மக கதி என்ன? நான் ஒருத்திதான் பெத்து வச்சிருக்கேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. போகாதன்னு சொல்லியிருந்தா, கல்யாணம் முடியற வரைக்கும் போகாம இருந்திருப்பேனே."

"இருந்திருப்பியா?"

யோசித்தேன். எட்டாம் நாள் குழந்தை வருவதாக இருந்தது. போகாமல் இருந்திருப்பேனா என்று எனக்கும் தெரியவில்லை.

"சரி, சொன்னது சொன்னீக. நான் உளறுனேன்னு ஏன் எம்மேலயே போட்டீக? வாயில அடிச்சுக்கிட்டேனே அக்கா நான். பாத்தீகல்ல?"

"பாத்தேன்," என்றார். அழுதார். "உன் மூஞ்சிய நான் தினமும் பாக்கணுமே. நீ என்ன வெறுத்துரக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் தலை தேய்க்கும்போது அந்தக் கால் அறுத்த ஆளின் கதையை வேண்டுமென்றே சொன்னாரா, தற்செயலாக வந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேண்டுமென்றே என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மேற்கொண்டு எப்படி இருப்பது என்ற பயம்தான்.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. நான்தான் பெண்ணுக்குத் தலை பின்னி, பூ வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அண்ணன் போடியை விட்டுவிட்டு, மலைக்கு மேல் ஒரு தேயிலை எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான் என்று வளையல்கடையில் சொன்னார்கள். தன்னால் தங்கைக்கு வாழ்வு போய்விடக் கூடாது என்று எண்ணியிருப்பான். கடிதம்கூடப் போடவில்லை.

ஏழு வருஷம் கழித்து அப்பா இறந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தெருமுனையில் மக்களை விட்டுத் தள்ளி, அண்ணனும் அவன் மனைவியும் ஒரு சிறுமியும் நின்றுகொண்டிருந்தார்கள். சித்தப்பா வழிமறித்து நின்றிருந்தார். "தல முழுகின பிள்ளைக்கு இங்கன என்ன வேலை?" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. அண்ணனுக்கு நெற்றி ஏறி, முடி கொட்டியிருந்தது. குடையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் போலத் தலைகுனிந்து நின்றான்.

என் கணவர் என் பக்கத்தில் இருந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, அப்பா கிடந்த வாசலைத் தாண்டி, அத்தனை பேர் பார்க்க நேராக அண்ணனிடம் போனேன். அந்தச் சிறுமியின் நெற்றியைப் பார்த்தேன். அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனைப் பக்கத்தில் விடும்வரை நானும் உள்ளே வரமாட்டேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் நின்றோம். கடைசியில் யாரோ ஒரு பெரியவர், தூரத்திலிருந்து முகம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். பார்த்தான். போய்விட்டான். என் கணவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கலாமோ என்று நினைத்தேன். அன்று தைரியம் இல்லை.

காரியம் முடிந்து சின்னமனூர் திரும்பியபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். முடி நரைத்துவிட்டது அவருக்கு. கோம்பையில் பேரன் பேத்தி இருந்தார்கள். நான் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணன் வந்திருந்தாகளாமே," என்றார் மெல்ல. "நல்லா இருக்காகளா? புள்ளையக் கூட்டிட்டு வந்தாகளா? உன்கிட்ட என்ன சொன்னாக?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொல்ல எனக்கும் ஆசையாக இருந்தது, அந்த வீட்டில் கேட்பதற்கு வேறு யார் இருந்தார்கள்?

"எருமையக் கறந்தாச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"கறந்தாச்சு," என்றார்.

நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.